தொடாதீர்கள் சரி, ஏன் என்று யார் சொல்வது?

ஜனவரி 9, இரவு. வாசகர் ஒருவரின் கேள்வி

என் மகளுக்கு ஏழு வயது. போன ஞாயிறு ஒரு பொது அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். கற்சிலைக் கூடத்தில் ஒரு சிங்கத்தின் மூக்கைத் தொட்டுவிட்டாள். அவ்வளவுதான். காவலர் கூடமே அதிரும்படி "கையை எடு!" என்று கத்தினார். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை அழுதுகொண்டே வெளியே வந்துவிட்டாள். மழையிலும் வெயிலிலும் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த கல்லை ஒரு குழந்தையின் விரல் என்ன செய்துவிடும்? படம் எடுக்காதே, பையை முன்னால் மாட்டு, பேசாதே, ஓடாதே. இந்த விதிகள் பொருளைக் காப்பாற்றவா, வந்தவர்களை மிரட்டவா? பொது அருங்காட்சியகம் என்றால் அது எங்களுடையதுதானே?

ஜனவரி 9, பின்னிரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஆமாம், உங்களுடையதுதான்.

ஒரு பொது அருங்காட்சியகத்தில் ஆறு வருடம் காட்சிக்கூடக் காவலராக வேலை பார்த்தேன். உங்கள் மகளிடம் அந்தக் காவலர் நடந்துகொண்ட விதம் தவறு. ஆனால் அவர் காப்பாற்ற நினைத்த விதி தவறில்லை. இரண்டையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

என் கூடத்தில் மணற்கல் பீடம் ஒன்று இருந்தது. அடிவரிசை முழுக்கச் சின்னச் சின்ன யானைகள். மூலையில் இருந்த யானையின் துதிக்கை மட்டும் கறுத்துப்போய், எண்ணெய் குடித்த மரப்பிடி மாதிரி மின்னும். மற்ற யானைகள் எல்லாம் வெளிறிய மணல் நிறம். அந்தத் துதிக்கை இருந்த உயரம், ஏழெட்டு வயதுக் குழந்தையின் கை தானாகப் போய் நிற்கும் உயரம். எந்தக் குழந்தையும் வேண்டுமென்றே கெடுக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் தொட்டிருக்கும்.

விரலில் உப்பு இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, லேசான அமிலமும் இருக்கிறது. கல்லின் நுண்துளைகளுக்குள் கொழுப்பு இறங்கும், அதைப் பிடித்துக்கொண்டு தூசியும் உட்காரும். மழையில் கிடந்த கல்தானே என்கிறீர்கள். மழையும் கல்லை அரிக்கத்தான் செய்யும். அதிலிருந்து காப்பாற்றத்தான் உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள்.

அந்தத் துதிக்கையைச் சுத்தம் செய்ய ஒரு கன்சர்வேட்டர், அதாவது பழைய பொருள்களைச் சீர்செய்து பாதுகாக்கும் நிபுணர், வந்தார். கரைப்பானில் குழைத்த களிமண்ணைப் பற்று மாதிரி அப்பி, காயவிட்டு, மெல்ல உரித்தெடுத்தார். பற்றில் மஞ்சளாகக் கறை ஏறி வந்தது. மறுபடி அப்பினார். மூன்று தடவை. துதிக்கை கொஞ்சம் வெளுத்தது, மற்ற யானைகளின் நிறத்துக்கு வரவே இல்லை. "உள்ளே போனது போனதுதான்" என்றார்.

ஜனவரி 10, காலை

நேற்றுக் கல் என்று பொதுவாக எழுதிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன். எல்லாக் கல்லும் ஒன்றில்லை. மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் உறிஞ்சும். பளிங்கும் உறிஞ்சும், அதோடு அதற்கு அமிலம் ஆகாது. கருங்கல் ரொம்பவே தாங்கும். ஆனாலும் ஆயிரக்கணக்கான கைகள் பட்ட இடம் அதிலும் தனியாக வழவழப்பாகி, உளி பட்ட தடம் மழுங்கிப்போகும். உங்கள் மகள் தொட்ட சிங்கம் எந்தக் கல் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 10, மாலை

வெண்கலம் தொட்டால் பளபளவென்று ஆகிறதே, அது நல்லதுதானே என்று ஒருவர் கேட்கிறார். அந்தப் பளபளப்பு வருவதே மேல்தோல் தேய்ந்துபோவதால்தான். வெண்கலத்தின் மேல் வருடக்கணக்கில் படிந்த பச்சை, பழுப்புப் படலம்தான் அதற்குக் கவசம். விரல் அதைத் தேய்த்து எடுக்கிறது, வியர்வையில் உள்ள குளோரைடு அடியில் அரிக்கிறது.

இத்தாலியின் வெரோனாவில் ஜூலியட்டின் வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. அதன் மார்பைத் தொட்டால் காதலில் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை பரவி, வருகிறவர்கள் எல்லாம் தொட்டார்கள். விரிசல் விட்டுவிட்டது. 2014-ல் அசல் சிலையை உள்ளே எடுத்துவைத்துவிட்டு, முற்றத்தில் நகல் ஒன்றை நிறுத்தினார்கள். அது பழங்காலச் சிலைகூட இல்லை, இருபதாம் நூற்றாண்டில் செய்தது. வெண்கலத்துக்கே இந்தக் கதி.

ஜனவரி 12

பிளாஷ் பற்றி நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். இதில் நான் மனதார ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு வருடமும் நான் எல்லாரிடமும் சொன்னது ஒரே பதில்: "பிளாஷ் அடித்தால் ஓவியத்தின் நிறம் போய்விடும்." எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது முழு உண்மை இல்லை.

ஒளி நிறத்தைக் கெடுக்கும் என்பது உண்மை. அந்தச் சேதம் கூடிக்கொண்டே போகும், ஒருபோதும் திரும்பாது. இருட்டில் வைத்தால் ஓய்வெடுத்துத் தேறிவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் காகிதம், துணி, நீர்வண்ண ஓவியம் உள்ள கூடங்களில் வெளிச்சத்தை 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துவார்கள். எண்ணெய் ஓவியம் என்றால் 200 வரை போகலாம். உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேர வெயிலும் 50 லக்ஸில் 2,000 மணி நேரமும் சமம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் விளக்கு எரிந்தால் 250 நாள். "ஏன் இப்படி மங்கலாக வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் கண் விரியும்.

ஆனால் பிளாஷ் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது. ஒரு பிளாஷ் தருகிற ஒளி, கூடத்தின் விளக்கே தருகிற ஒளியோடு ஒப்பிட்டால் சொற்பம். விதி பிறந்த காலத்தில் நிலைமை வேறு. அன்றைய பிளாஷ் பல்பு சில நேரம் வெடித்துச் சில்லு தெறிக்கும். இன்று அந்த விதிக்கு மிச்சமிருக்கும் வலுவான காரணம் வேறு: அரை நிமிடம் அசையாமல் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவரின் கண்ணில் பளீரென்று வெளிச்சம் அடிக்கிறது, அவர் பார்த்துக்கொண்டிருந்தது கலைந்துபோகிறது. இது நல்ல காரணம். இதையே சொல்லியிருக்கலாம். சரியான காரணத்தை விட்டுவிட்டுப் பெரிதாகத் தெரிகிற காரணத்தைச் சொன்னோம். அது பொய்யென்று தெரிந்தவர்கள், மற்ற விதிகளும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அந்த இழப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஜனவரி 13

படம் எடுக்கவே கூடாது என்ற தடைக்கு இன்னொரு கதை இருக்கிறது.

வத்திக்கானில் சிஸ்டைன் தேவாலயத்தின் சுவரோவியங்களைச் சீரமைக்கும் செலவை ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி ஏற்றுக்கொண்டது. 1980-ல் வேலை தொடங்கி 1994 வரை நடந்தது. 42 லட்சம் டாலர் பேச்சு. பதிலுக்கு, சீரமைத்த பகுதிகளைப் படம் எடுக்கும் உரிமை அவர்களுக்கு மட்டும், ஒவ்வொரு கட்டமும் முடிந்து மூன்று ஆண்டு வரை. அந்த உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. தடை மட்டும் இன்றும் இருக்கிறது. தடையை வைத்திருக்க வேறு காரணம் உண்டு, கூட்டம் நகர வேண்டும், அது வழிபாட்டு இடமும்கூட. ஆனால் பிறந்தது ஒப்பந்தத்தில்.

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் படம் எடுக்க விடமாட்டார்கள். லண்டன் நேஷனல் கேலரி 2014-ல் அனுமதித்துவிட்டது. இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே வகை ஓவியங்கள்தான். அப்படியென்றால் இது பொருளுக்கான விதி இல்லை, கூடத்தில் எந்த மாதிரிச் சூழல் வேண்டும் என்று அந்தந்த இடம் எடுத்த முடிவு. முடிவு எடுக்கட்டும். "எங்கள் முடிவு இது" என்று சொல்லிவிடட்டும்.

ஜனவரி 13, இரவு

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இரவல் வாங்கிவந்த பொருள் என்றால் உரிமையாளர் போட்ட நிபந்தனையும் உண்டு, காப்புரிமையும் உண்டு. ஒரே கூடத்தில் ஒரு படத்துக்கு அனுமதி, பக்கத்துப் படத்துக்கு இல்லை என்று வருவது இதனால்தான். காவலர் வேண்டுமென்றே குழப்புவதில்லை.

ஜனவரி 15

முதுகுப் பை.

இதை நான் விளக்கவே வேண்டியிருந்ததில்லை. பை மாட்டியவரை நிற்கச் சொல்லி, "அப்படியே திரும்புங்கள்" என்பேன். திரும்புவார். பின்னால் ஒரு முழம் தள்ளி என் கை இருக்கும். பை வந்து கையில் மோதும். "இது என் கை. ஜாடியாக இருந்தால்?" உடனே கழற்றி முன்னால் மாட்டிக்கொள்வார். நம் உடம்பு எங்கே முடிகிறது என்று நமக்குத் தெரியும், பை எங்கே முடிகிறது என்று தெரியாது.

வேண்டுமென்றே உடைப்பவர்கள் மிகக் குறைவு. தடுமாறுகிறவர்கள்தான் அதிகம். 2006 ஜனவரியில் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ஒருவர் ஷூ கயிறு தடுக்கி மாடிப்படியில் விழுந்தார். ஜன்னல் திட்டில் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் நின்ற, சீனாவின் சிங் அரசமரபுக் காலத்து ஜாடிகள் மூன்று சுக்குநூறாயின. 2010-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பெண் நிலைதடுமாறி பிக்காசோவின் 'நடிகர்' ஓவியத்தின் மேல் சாய்ந்தார். கீழ்மூலையில் சுமார் 15 சென்டிமீட்டர் கிழிசல். 2015-ல் தைபேயில் 12 வயதுப் பையன், கையில் பானம், கால் தடுக்கி, பிடிமானத்துக்கு நீட்டிய கை 17-ஆம் நூற்றாண்டு ஓவியத்துக்குள் போய்விட்டது. 2025 ஜூனில் ஃபுளோரன்ஸின் உஃபிசி கலைக்கூடத்தில் ஒருவர் ஓவியத்தில் உள்ளவர் மாதிரியே நின்று படம் எடுத்துக்கொள்ளப் பின்னால் நகர்ந்து, ஓவியத்திலேயே போய் விழுந்தார்.

நான்கு பேருமே கெட்டவர்கள் இல்லை. ஓடாதே, பின்னால் பார்க்காமல் நடக்காதே, கையில் குடிப்பதை வைத்துக்கொள்ளாதே என்ற மூன்று விதிகள் இந்த நான்கு பேருக்காகத்தான்.

ஜனவரி 15, சற்றுப் பின்

"உடைத்தால் யார் காசு கொடுப்பது?" பெரும்பாலும் காப்பீடு. தைபே பையனின் குடும்பத்திடம் பணம் கேட்கவில்லை.

இன்னும் நல்ல கதை ஒன்று உண்டு. 2024 ஆகஸ்டில் இஸ்ரேலில், ஹைஃபாவின் ஹெக்ட் அருங்காட்சியகத்தில் நான்கு வயதுக் குழந்தை, குறைந்தது 3,500 ஆண்டுப் பழமையான ஜாடியை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இழுத்தது. விழுந்து உடைந்தது. அருங்காட்சியகம் அந்தக் குடும்பத்தை மறுபடி வரச்சொல்லி அழைத்துக் கூடத்தைச் சுற்றிக்காட்டியது. ஜாடியை ஒட்டவைத்தார்கள். கண்ணாடி இல்லாமல் வைத்தால்தான் பார்க்கிறவருக்கும் பொருளுக்கும் நெருக்கம் இருக்கும் என்பது அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. அந்த அழைப்பைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. உங்கள் மகளுக்கும் அப்படி ஒரு அழைப்பு வந்திருக்க வேண்டும்.

ஜனவரி 18

தண்ணீர் பாட்டிலைக்கூட விடவில்லையே என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். லண்டன் நேஷனல் கேலரியில் 2024 அக்டோபரிலிருந்து குழந்தைக்கான பால், மருந்து தவிர எந்தத் திரவமும் உள்ளே போகக்கூடாது. 2022-ல் அங்கே வான்கோவின் 'சூரியகாந்திகள்' மேல் சூப் ஊற்றினார்கள், அதற்குப் பிறகும் தொடர்ந்து இப்படியே நடந்தது. ஓவியம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததால் தப்பித்தது.

ஒருவர் செய்ததற்கு எல்லாரையும் கட்டிப்போடுவது புதிதில்லை. 1914 மார்ச்சில் அதே கேலரியில் பெண்கள் வாக்குரிமைப் போராளி மேரி ரிச்சர்ட்சன், வெலாஸ்கெஸ் வரைந்த வீனஸ் ஓவியத்தை இறைச்சி வெட்டும் கத்தியால் கிழித்தார். அதன் பின் அருங்காட்சியகங்கள் கைப்பை, தடி, கை நுழைக்கும் கம்பளி உறை எதையும் உள்ளே விடவில்லை. பிரிட்டிஷ் மியூசியம் ஒரு படி மேலே போனது. பெண்கள் தனியாக வந்தால், இவர் ஒழுங்காக நடந்துகொள்வார் என்று ஒருவர் பொறுப்பேற்று எழுதிய கடிதம் வேண்டும் என்றது. பையைத் தடுத்தது பொருளைப் பற்றிய விதி. கடிதம் கேட்டது ஆளைப் பற்றிய விதி. எனக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம். நல்ல விதி கையில் என்ன இருக்கிறது என்று கேட்கும். நீ யார் என்று கேட்கிற விதியை எதிர்த்தே ஆக வேண்டும்.

ஜனவரி 18, இரவு

எழுதி முடித்த பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. 1974-ல் மோனாலிசா டோக்கியோவுக்கு வந்தபோது, கூட்டம் தாங்காது என்று மாற்றுத்திறனாளிகள் வருவதைக் கட்டுப்படுத்தினார்கள். அதை எதிர்த்து முதல் நாளே ஒரு பெண் சிவப்புச் சாயத்தைத் தெளித்தார். ஓவியத்தின் மேல் படவில்லை. பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கினார்கள். சாயம் தெளித்ததை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த விதியை அதைவிடவும் ஆதரிக்க மாட்டேன்.

ஜனவரி 19

மேலே தடி என்று எழுதியதிலிருந்து மனது சரியில்லை. சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கூர்முனை உள்ள குடை, ஊன்றுகோல் எதுவும் உள்ளே கூடாது என்று எழுதிய அட்டையைக் கையில் கொடுத்திருந்தார்கள். முதியவர் ஒருவர் ஊன்றுகோலோடு வந்தார். அடியில் இரும்புப் பூண். வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் கைவைத்துக்கொண்டே முதல் கூடத்தைப் பாதி சுற்றினார். அப்புறம் திரும்பி வந்து, "தம்பி, இன்னொரு நாள் வருகிறேன்" என்று கோலை வாங்கிக்கொண்டு போனார். அவர் மறுபடி வரவில்லை, அல்லது என் பணி நேரத்தில் வரவில்லை. கோல் அடியில் மாட்ட ஒரு ரப்பர் குப்பி போதும். அந்த மாதக் கடைசியில் மேலாளரிடம் சண்டை போட்டு ஒரு டப்பா நிறைய ரப்பர் குப்பி வாங்கி வாசலில் வைத்தோம். அதற்கு முன் ஒருவரை அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 21

சிறு குறிப்புகள், கேட்டவர்களுக்கு.

பேனா: மை தெறித்தால் போகாது. பென்சில் கோடு அழியும். வரைய வேண்டும் என்றால் பென்சில் கொண்டுவாருங்கள், பல இடங்களில் சந்தோஷமாக விடுவார்கள்.

தின்பண்டம்: துகள் விழுந்த இடத்துக்கு எறும்பும் கரப்பானும் வரும், அதன் பின்னால் ராமபாணப் பூச்சியும் கம்பளி வண்டும். கம்பளி வண்டின் புழு கம்பளி, இறகு, தோல் எல்லாவற்றையும் தின்னும். ஒரு பிஸ்கட் துண்டுக்கும் துணிக்கூடத்து ஓட்டைக்கும் நடுவில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

சூயிங்கம்: 2006-ல் டெட்ராய்ட் கலைக்கூடத்துக்குப் பள்ளிச் சுற்றுலா வந்த 12 வயதுப் பையன், ஓவியர் ஹெலன் ஃப்ராங்கென்தாலரின் படத்தில் ஒட்டிவிட்டான். கறையை எடுத்துவிட்டார்கள்.

செல்ஃபி குச்சி: 2015-ல் ஒன்றன் பின் ஒன்றாகப் பெரிய அருங்காட்சியகங்கள் தடுத்தன. முதுகுப் பைக்குச் சொன்னதேதான், இது தலைக்கு மேலே.

ஜனவரி 24

மூச்சு விடுவதற்கும் விதி உண்டா என்று ஒருவர் விளையாட்டாகக் கேட்டார். உண்டு.

பிரான்சின் லாஸ்கோ குகை, ஆதி மனிதர்கள் சுவரில் ஓவியம் வரைந்த இடம். 1940-ல் கண்டுபிடித்தார்கள், 1948-ல் மக்களுக்குத் திறந்தார்கள். ஒரு நாளைக்கு 1,200 பேர் வரை வந்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடைத்துக் கிடந்த குகைக்குள் அவர்கள் விட்ட மூச்சு, உடம்புச் சூடு, ஈரம், கூடவே விளக்கு. சுவரில் பச்சையாகப் பாசி படர்ந்தது. 1963-ல் மூடிவிட்டார்கள். 1983-லிருந்து மக்கள் பார்ப்பது பக்கத்தில் கட்டிய நகலை. அசல் குகையில் யாரும் எதையும் தொடவில்லை, உடைக்கவில்லை. வந்து நின்றதே போதுமானதாக இருந்தது.

இத்தாலியின் பாதுவாவில் ஓவியர் ஜியோட்டோவின் சுவரோவியங்கள் உள்ள ஸ்க்ரோவெஞி தேவாலயத்தில், உள்ளே போவதற்கு முன் கண்ணாடி அறை ஒன்றில் 15 நிமிடம் உட்கார வேண்டும். வெளியிலிருந்து நம்மோடு வந்த ஈரமும் தூசியும் அங்கே அடங்கும். அப்புறம் உள்ளே 15 நிமிடம். மிலானில் லியனார்டோ டா வின்சியின் 'இறுதி விருந்து' ஓவியத்தைப் பார்க்கவும் அதே 15 நிமிடம்தான்.

15 நிமிடம் போதாது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. நான் இதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். உள்ளே இருக்கும் காற்று ஒரு பொதுக் கிணறு. நீங்கள் இறைக்கிற வாளி குறைந்தால் அடுத்தவருக்குத் தண்ணீர் இருக்கும்.

ஜனவரி 26

"பேசாதே" பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. காரணம், எனக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். நாம் பேசுவதால் எந்தச் சிலையும் கெடாது. அது முழுக்க மற்ற மனிதர்களுக்கான விதி. அப்படியென்றால் மற்ற மனிதர்களைப் பொறுத்துத்தான் அமைய வேண்டும். கூடத்தில் நான்கு பேர் தியானம் மாதிரி நின்றால் மெல்லப் பேசலாம். ஒரு வகுப்புப் பிள்ளைகள் டைனோசர் எலும்பைச் சுற்றி நின்றுகொண்டு "இது என்ன சாப்பிட்டிருக்கும்?" என்று கத்தினால், அந்தக் கூடம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் ஒருமுறைகூட அந்தச் சத்தத்தை அடக்கியதில்லை. இந்த விஷயத்தில் மேலதிகாரியிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை.

ஜனவரி 29

பார்வை இல்லாதவர்களுக்குத் தொடாதே என்ற விதி பார்க்காதே என்ற விதிதானே என்று எழுதிய வாசகருக்கு: சரியாகச் சொன்னீர்கள். நான் முதல் நாளே இதை எழுதியிருக்க வேண்டும்.

இத்தாலியின் அன்கோனாவில் ஓமேரோ தொடு அருங்காட்சியகம் இருக்கிறது. 1993-ல் தொடங்கியது. பார்வையற்ற தம்பதி ஒருவரின் யோசனை. அங்கே எல்லாவற்றையும் எல்லாரும் தொடலாம், பார்வை உள்ளவரும்தான். புகழ்பெற்ற சிலைகளின் நகல்களும் இருக்கின்றன, இன்றைய சிற்பிகளின் அசல்களும் இருக்கின்றன. சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் 1969-லிருந்தே கைவைத்துப் பார்க்க வேண்டிய அறிவியல் கூடம். ஆக, தொடாதே என்பது அருங்காட்சியகத்தின் இயல்பு இல்லை. அந்தந்தப் பொருளின் தாங்கும் சக்தி.

ஒரு தடவை பார்வையற்ற பெண் ஒருவரைக் கன்சர்வேட்டர் கையுறை போடச் சொல்லி, எங்கள் கூடத்துக் கருங்கல் நந்தி ஒன்றைத் தொட விட்டார். மெல்லிய ரப்பர் கையுறை. அவர் கழுத்து மணிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்து, "இங்கே ஒன்று குறைகிறது" என்றார். குனிந்து பார்த்தோம். மடிந்த கழுத்தின் அடியில், நிழலில், ஒரு மணி உடைந்திருந்தது. தினமும் அதன் எதிரில் நின்ற எனக்கு அதுவரை தெரியாது.

பிப்ரவரி 2

விதி தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று. 2016-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் அருங்காட்சியகம் ஒன்றில் 90 வயதைத் தாண்டிய மூதாட்டி, கலைஞர் ஆர்தர் கோப்கேயின் படைப்பில் இருந்த குறுக்கெழுத்துப் புதிரைப் பேனாவால் நிரப்பிவிட்டார். அதில் "சொற்களைச் செருகுக" என்று எழுதியிருந்தது. அவர் செருகினார். எழுதியதை நம்பியவர் மேல் எனக்குக் குற்றம் சொல்ல வரவில்லை. ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ் டோரஸ் என்ற கலைஞரின் 1991 படைப்பு ஒன்றில் மூலையில் மிட்டாய்க் குவியல் இருக்கும். எடுத்துக்கொள்ளலாம், எடுக்கத்தான் வைத்திருக்கிறார்கள். அடுத்த அறையில் எதையும் தொடக்கூடாது. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டியது யார்? வந்தவரா?

பிப்ரவரி 3

படம் எடுப்பது பற்றி மறுபடி, ஏனென்றால் விடமாட்டேன் என்கிறீர்கள். உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருளை முழுசாகப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமே பார்த்தவர்களைவிட நினைவு குறைவாக இருந்தது. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. அதனால் நான் இப்போது யாரையும் எடுக்காதீர்கள் என்று சொல்வதில்லை. ஒரு விரலை எடுங்கள், ஒரு மடிப்பை எடுங்கள் என்கிறேன்.

பிப்ரவரி 7

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். சிங்கம் சுண்ணாம்புக்கல்லாம். மகள் "அந்த மாமா ஏன் கத்தினார்" என்று இன்னும் கேட்கிறாளாம். நான் எழுதியதை அவளுக்குப் படித்துக்காட்டினாராம். துதிக்கைக் கதையைக் கேட்டுவிட்டு அவள் கேட்டது: "நான் தொட்டது எத்தனையாவது?"

இதற்கு நேரான பதில் இல்லை, ஆனால் கேள்வி மிகச் சரியான கேள்வி. என் கூடத்திலும் இதற்காகத்தான் ஒன்று செய்தோம். அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

யானைப் பீடத்தின் பக்கத்தில், அதே வகை மணற்கல்லில் செங்கல் அளவுக்கு இரண்டு துண்டு வெட்டிவைத்தோம். ஒன்று கண்ணாடிக்குள். இன்னொன்று வெளியே, குழந்தை உயரத்தில். வெளியே இருந்ததன் மேல் "தொடுங்கள்" என்று எழுதினோம். அடியில் ஒரு வரி: "உங்கள் விரல் பட்டது மேலே. படாதது உள்ளே. இரண்டும் ஒரே நாள் வெட்டிய கல்." முதல் மாதம் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாம் மாதம் ஒரு மூலை மஞ்சளித்தது. ஆறாம் மாதம் அதே எண்ணெய் மினுக்கு, அதே கறுப்பு. அதன் பிறகு யானையின் துதிக்கைப் பக்கம் போகிற கைகள் கண்ணுக்குத் தெரிந்தே குறைந்தன. "தொடாதீர்கள்" பலகையைக் கழற்றிவிட்டோம்.

பிப்ரவரி 8

பழைய சக ஊழியர் ஒருவரிடம் இன்று பேசினேன். வெளியே வைக்கும் கல்லை நான்கு முறை மாற்றிவிட்டார்களாம். கறுத்துப்போன பழைய துண்டுகளைத் தூக்கிப்போடவில்லை, தேதி எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் தொடாத கல்லோடு வரிசையாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இப்போது யானையைவிட அந்தப் பெட்டியைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்களாம். இன்று வெளியே இருப்பது ஐந்தாவது கல். இன்னும் வெளிர் நிறம்தான், இடது மூலை மட்டும் லேசாக மாறத் தொடங்கியிருக்கிறது என்றார்.